கருத்து சொல்லாத டிராம்போன்

கச்சேரி பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து போவது ரசிகரின் பிறப்புரிமை. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் கேன்டீன் பக்கம் நகரும். மிருதங்க வித்வான் அதற்காக ஊரை விட்டு ஓடுவதில்லை. 1936 ஜனவரி 26 அன்று மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில், முடியும் முன்பே எழுந்து போன ரசிகரின் பெயர் ஸ்டாலின்.

மேடையில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஓபரா, 'ம்ட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மெக்பெத்'. நாயகி மாமனாருக்குக் காளானில் எலி பாஷாணம் கலந்து கொடுப்பாள். பிறகு கள்ளக்காதலனோடு சேர்ந்து புருஷனையும் முடித்துவிடுவாள். இதில் தலைவருக்கு அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை, தொழில் பழகிய கை. ஆனால் படுக்கையறைக் காட்சியில் நடப்பதை டிராம்போன்கள் இழுத்து இழுத்து ஊருக்கே சொல்லிவிட்டன. அரசாங்கத்து ஆசனம் இருந்ததோ பித்தளை வாத்தியங்களுக்கு நேர் மேலே.

இரண்டு நாள் கழித்து ஆர்க்காங்கெல்ஸ்க்கில், கச்சேரிக்குப் போன இடத்தில், 29 வயது ஷோஸ்டகோவிச் கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா'வை வாங்கிப் பிரிக்கிறார். 'இசையல்ல, குளறுபடி' என்று ஒரு கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு வருஷமாகச் சக்கைப்போடு போட்ட ஓபரா அது. அதைப் புகழ்ந்து தள்ளிய விமர்சகர்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காது தெளிந்துவிட்டது.

மேலிடத்துக்கு இனி மக்களுக்குப் புரியும் மெட்டு வேண்டும். அதில் கருத்தும் இருக்க வேண்டும். ஷோஸ்டகோவிச் ஒத்திகையில் இருந்த தன் நான்காம் சிம்பொனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது 1961இல்தான் மேடையேறியது. 1937 ஜூனில், அவரை ஆதரித்து வந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கியையே சுட்டுவிட்டார்கள். புத்தியுள்ளவன் அந்நேரம் பரிசோதனை இசை எழுதுவானா?

1937 நவம்பர் 21, லெனின்கிராட். ஐந்தாம் சிம்பொனி. 'நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் பதில்' என்று ஒரு பத்திரிகையாளர் அதற்குப் பட்டம் கட்ட, இவர் தலையாட்டி வைத்தார். முடிவில் டிரம்பெட்டும் முரசும் ஒரே முழக்கம். ஆள் திருந்திவிட்டான் என்று கட்சிக்குத் திருப்தி. சபையிலோ, மெதுவாகப் போகும் மூன்றாம் பகுதியிலேயே பலர் வெளிப்படையாக அழுதுகொண்டிருந்தார்கள். கைதான மாமன், திரும்பாத மச்சான் என்று பல வீடுகளில் ஆள் குறைந்திருந்த வருஷம் அது. பாட்டில் சொல் இருந்தால் தணிக்கைக்காரர் அடிக்கோடு போடலாம். முரசுக்கு எங்கே போடுவது?

கைதட்டல் அரை மணி நேரத்துக்கு மேல் ஓயவில்லை. இவ்வளவு சந்தோஷம் இயற்கையாக வராதே என்று மேலிடத்துக்குச் சந்தேகம். இரண்டு அதிகாரிகள் வந்திறங்கினார்கள், கைதட்டியவர்கள் நிஜமாகவே டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தானா என்று துருவ.