மணலுக்கு அடியில் ஏரி

1979இல் வேலை கிடைத்துக் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது, லேக் மார்க்கெட் பக்கத்து மாடியறை ஒன்றில் தமிழ்ப் பையன்கள் நான்கு பேர் தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் ஆபீஸ் மூத்தவர் ஒருவர் சால்ட் லேக்கில் கட்டியிருந்த புது வீட்டுக்குப் போவோம். வீட்டைச் சுற்றி வெறும் மணல். துர்கா பூஜை நெருங்கினால் அந்த மணல் முழுக்க வெள்ளை வெளேரென்று காஷ் என்னும் நாணல் பூ. இருட்டிவிட்டால் நரி ஊளை. சால்ட் லேக் நகரம் முதல்வர் பிதான் சந்திர ராயின் கனவு, யுகோஸ்லாவியாக்காரர்கள் திட்டம் போட்டது, 1962இல் தொடங்கி ஹூக்ளி ஆற்றில் தூர்வாரிய மண்ணைத் தண்ணீரோடு கரைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து ஏரியைத் தூர்த்தது என்று அவர் சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். அந்த ஏரியில் மீன் வளர்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க இருபத்து மூன்று வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அதே வருஷம், எங்கள் ஆபீஸ் பியூன் தாதா பேலியாகாட்டா பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நிலம் ஒருவருடையது, அதை வாடகைக்கு எடுத்துக் குடிசை கட்டிய டிக்காக்காரர் இன்னொருவர், அதில் ஓர் அறைக்கு வாடகை கொடுப்பவர் இவர். ஒன்பது குடும்பத்துக்கு ஒரு முற்றம், ஒரே குழாய். கட்டிலின் நான்கு கால்களையும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். மேலே பெரியவர்கள், கீழே பிள்ளைகள் மூன்று பேர். நாட்டு ஓட்டுக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர், வாசலில் கரித்தூள் உருண்டை எரியும் அடுப்பு. அந்தப் புகையில் கண் எரிய எரிய அவர் மனைவி பரிமாறியதைச் சாப்பிட்டேன். பஸ்திகளை இடித்துத் தள்ளாமல், இருக்கும் இடத்திலேயே கக்கூஸும் குழாயும் நடைபாதையும் போட்டுக் கொடுத்த நகரம் கல்கத்தா. 1970இல் ஏற்பட்ட பெருநகர வளர்ச்சி ஆணையம் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். உடைந்த செங்கல், பழைய தகரம், மூங்கில் எதையும் வீணாக்காமல் அந்த வீடுகள் எழுந்தன. அவற்றைத்தான் ஊர் ஆக்கிரமிப்பு என்றது. தூர்த்த ஏரிக்கு மேல் வரைபடத்தோடு வந்ததை வளர்ச்சி என்றது.

மீந்த ஏரிகளின் அருமை பிறகுதான் தெரிந்தது. நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு 1980களில் கிழக்கே நடந்தார் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். பேரி எனப்படும் ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரைத் தேக்கி வெயில் படவிடுகிறார்கள். பாசி வளர்கிறது, பாசியைத் தின்று மீன் வளர்கிறது, தெளிந்த நீர் நெல்லுக்குப் போகிறது. கரை அரிக்காதிருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரை வளர்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரின் அழுக்கைக் காசில்லாமல் கழுவிவந்திருக்கிறார்கள்! 1992இல் உயர் நீதிமன்றம் இந்தச் சதுப்பு நிலத்தைத் தூர்க்கத் தடை போட்டது. 2002இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அப்படியும் ஓரங்களில் மண் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

நானும் சால்ட் லேக்கில்தான் வீடு வாங்கினேன். பிள்ளைகள் இங்கேதான் வளர்ந்தார்கள், இந்த வீட்டை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஆடி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, தன் இடத்தைத் தேடிக்கொண்டு வந்த ஏரி என்றே எனக்குப் படும். காஷ் பூ பார்க்க இப்போது ராஜர்ஹாட்டையும் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.

அதிகாலை நடையில் பைபாஸ் வரை போவேன். பேரியிலிருந்து உயிர்மீன் கொண்டுவருகிறவர்கள் அலுமினியப் பானையோடு அங்கே பஸ்ஸுக்கு நிற்பார்கள். மீனுக்கு மூச்சு முட்டக்கூடாதென்று உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், சளப் சளப் என்று. பஸ் வந்து ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கை நிற்பதில்லை.