சும்மா இருக்கும் டீசல்

லாரியில் ஊற்றிய டீசலுக்கு ஆயுசு இரண்டு நாள். மீன்பிடிப் படகில் ஒரு ராத்திரி. பாய்மரப் படகில் ஊற்றிய டீசல் மட்டும் பென்ஷன் வாங்கும் வயது வரை உட்கார்ந்திருக்கும். காற்றில் போகிற படகுக்கு இன்ஜின் எதற்கு? துறைமுகத்துக்குள் நுழைய, வெளியே வர, காற்று விழுந்துவிட்ட மத்தியானத்தில் கொஞ்சம் நகர. அவ்வளவுதான். மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கிற சின்ன இன்ஜின். 150 லிட்டர் டேங்க். எப்போது தீரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி மலேசியாவின் லங்காவித் தீவில் 34 அடிப் பழைய படகு ஒன்றை வாங்கினான். விற்ற வெள்ளைக்காரர் “காற்று இலவசம்” என்று சொல்லித்தான் விற்றார். அதில் பொய்யில்லை. படகில் ஆளுக்கொரு பொறுப்பு என்று மச்சான் பிரித்தபோது பாய், சுக்கான், திசை, கேப்டன் தொப்பி எல்லாம் அவன் பக்கம் போயின; டீசல் என் பக்கம் வந்தது. சின்ன வயதில் எஸ்டேட் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதுதான் என் தகுதி.

டீசலில் உயிர் வளரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் ‘கெட்டுப்போகிறதுக்கு இது என்ன சாம்பாரா’ என்றுதான் நினைத்திருந்தேன். டீசல் தண்ணீரை விட லேசு. டேங்குக்குள் எப்படியோ புகுந்த தண்ணீர் நேரே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறி, மேலே நிற்கிற டீசலைத் தின்னும். கீழ்வீட்டில் ஜாகை, மேல்வீட்டில் சாப்பாடு, வாடகை கிடையாது. இந்தக் கூட்டத்தில் பேர்போன பூஞ்சைக்கு ஹார்மோகோனிஸ் ரெசினே என்று பெயர். விமான எரிபொருள் டேங்குகளிலும் இதே வேலையைப் பார்த்திருக்கிறது. தின்றுவிட்டு அமிலத்தை விடும், டேங்கை அரிக்கும், கறுப்பாக வழவழவென்று கசண்டைச் சேர்த்து வைக்கும். லாரி டேங்கில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. எங்கள் டேங்கில் நேரத்துக்கு என்ன குறைச்சல்?

மலேசியாவில் இருப்பதில் கூடுதலாக ஒரு விசேஷம் உண்டு. இங்கே டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கிறார்கள். 2019-ல் 10 சதவீதம் என்றார்கள். 2020-ல் அதை 20 ஆக்கும் திட்டத்தை எங்கே ஆரம்பித்தார்கள் தெரியுமா? சாட்சாத் லங்காவியில். திட்டத்தில் குற்றமில்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பயோடீசல் சாதாரண டீசலை விட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். கிருமிகளுக்கும் அது சுலபமாகச் செரிக்கும். தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டியது. அதன் எண்ணெயில் இப்போது யார் கொழுக்கிறார்கள் என்று டேங்கைத் திறந்தால் தெரியும்.

டீசலுக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். மனிதர் 1913 செப்டம்பர் 29 அன்று ஆன்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மறுநாள் காலை அறையில் ஆளில்லை. கடலில்தான் போனார், எப்படி என்பது இன்றுவரை வழக்காகவே இருக்கிறது. ஃபில்டர் மாற்றும் நாட்களில் எனக்கு அவர்மேல் தனி அனுதாபம் வரும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? படகுகள் கட்டும் மரினாவில் யாரைக் கேட்டாலும், ராத்திரிக் குளிரில் டேங்கின் காலி இடத்தில் காற்றின் ஈரம் வேர்த்துச் சொட்டுகிறது, அதனால் டேங்கை எப்போதும் நிரப்பி வையுங்கள் என்பார்கள். ஐரோப்பாவில் சரியாக இருக்கலாம். லங்காவியில் பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே சில டிகிரிதான். என் சந்தேகமெல்லாம் மேல்தளத்து மூடிமேல். டீசல் ஊற்றுகிற வாய் நாம் நடக்கிற தளத்திலேயே இருக்கிறது. மழை அதன்மேல்தான் பெய்யும், அலை அதன்மேல்தான் புரளும். நடுவே காவல் நிற்பது ஒரு ரப்பர் வளையம். வெயிலில் அது காய்ந்து வெடித்துப்போனால், ஊரில் பெய்த மழைக்கெல்லாம் நம் டேங்க்தான் குளம். பக்கத்திலேயே அதே அளவில் குடிதண்ணீர் மூடி வேறு. சில படகுகளில் இரண்டுக்கும் முகம்கூட ஒன்றுதான். குழாயை டீசல் வாய்க்குள் விட்டுவிட்டு, ‘டேங்க் சீக்கிரம் நிரம்பிவிட்டதே’ என்று சந்தோஷப்பட்டவர்கள் எல்லா மரினாவிலும் உண்டு.

அதனால் என் துறையில் சில சட்டங்கள் உண்டு. டீசலை நேராக ஊற்றக் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் புனல் ஒன்று இருக்கிறது. உள்ளே மெல்லிய சல்லடை. அது டீசலை விடும், தண்ணீரை நிறுத்திவிடும். விடும் என்றால் அரசாங்க அலுவலக வேகத்தில் விடும். பின்னால் வரிசையில் நிற்கிற படகுக்காரர்கள் என் பரம்பரையையே விசாரிப்பார்கள்.

அடுத்தது பாட்டில் பரீட்சை. இன்ஜினுக்கு முன்னால் இருக்கிற முதல் ஃபில்டரின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு கிண்ணம், அதற்கு ஒரு திருகு. அதைத் தளர்த்தி ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பேன். மேலே தேன் நிறத்தில் டீசல். அடியில் ஒரு குமிழி, பாட்டிலைச் சாய்த்த பக்கமெல்லாம் உருளும். இரண்டுக்கும் நடுவே கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக, கிழிந்த ஏடு போல ஒன்று மிதக்கும். அடியில் இருப்பது தண்ணீர்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். டீசலில் அது கரையாது; அப்படியே கீழே இறங்கும். தண்ணீரைத் தொட்டதும் கல்யாண வீடுதான், ஆரஞ்சு நிறம் குபீரென்று பரவும். வீட்டில் ஊறுகாய் பாட்டிலும் கேசரிப் பவுடரும் எங்கே போகின்றன என்று இதுவரை நான் வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அமைதியான கடலில் ஒரு தொந்தரவும் இருக்காது. கசண்டு அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும். அலை எழும்பி டேங்க் குலுங்கினால்தான் அது எழுந்து நேரே ஃபில்டருக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மனிதனின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம். எங்கள் முதல் ஃபில்டரில் நீல நிறம் என்றால் 10 மைக்ரான், சிவப்பு என்றால் 30, பழுப்பு என்றால் 2. எதைப் போட்டாலும் அடைக்கிற இடம் மட்டும் மாறாது: துறைமுக வாய், எதிரே ஃபெர்ரி.

லங்காவியின் குவா துறைமுகத்துக்குள் நுழையும்போது அதுதான் நடந்தது. இன்ஜின் இரண்டு இருமல் இருமியது, நின்றது. “மச்சான், உன் டிபார்ட்மெண்ட்!” என்று மேலிருந்து குரல் வந்தது. கீழே ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது. லைனில் ஏர் புடிச்சிருக்கும். திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். படகு குலுங்க, டீசல் நாற்றத்தில் தலைகீழாகத் தொங்கியபடி. “எவ்வளவு நேரமாகும்லா?” என்றான். “பாயை விரி!” என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. தன்னுடையது பாய்மரப் படகு என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு மருந்து ஊற்றிப் பார்த்தோம். கிருமி செத்தது, செத்த பிணமெல்லாம் சேர்ந்து ஃபில்டரை அடைத்தது. காந்தம் வைத்தால் பூஞ்சை சாகும் என்று ஒருவர் விற்க வந்தார். பூஞ்சைக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். கடைசியில் மெக்கானிக் அண்ணன் வந்து, டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சி வடிகட்டித் திரும்ப டேங்கிலேயே விட்டு, நாள் முழுக்க டீசலைச் சுற்றவிட்டார். பாட்டிலில் பிடித்த டீசல் கண்ணாடியாக இருந்தது. பில்லைக் கொடுத்துவிட்டு, “பாஸ், இதெல்லாம் வேஸ்ட். இருக்கிறதை எரிச்சுத் தீர்த்திடுங்க. பினாங்குக்கு இன்ஜின்லயே போயிட்டு வாங்க” என்றார்.

பினாங்கு சுமார் 60 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம், முப்பது லிட்டர். எரிக்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்து ஜனவரியில் கிளம்பினோம். பாயார் தீவு தாண்டியதும் வடகிழக்குக் காற்று பக்கவாட்டில், கேட்டு வாங்கினதுபோல வந்தது.

“மச்சான், பாயை விரிக்கிறேன்.”

“டீசல் எரிக்க வந்திருக்கோம்.”

“இந்தக் காத்துல இன்ஜின் ஓட்டினா மரினாவுல சிரிப்பாங்க.”

அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு இரண்டும் என்று முடிவானது. பாயும் விரிந்தது, இன்ஜினும் ஓடியது. பாய் விரித்திருக்கும்போதே இன்ஜினும் ஓட்டினால் சர்வதேசக் கடல் விதிப்படி முன்பக்கம் ஒரு கறுப்புக் கூம்பை, முனை கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். எங்களிடம் கூம்பு இல்லை. கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்தான். என் டீசல் புனலை எடுத்துக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினான்.