நெற்றிக்கண் கேமராவும் நீர்வழிச் சான்றுகளும்: ஒரு முன்னாய்வு

கங்கையைத் தலையில் தாங்கியவருக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு. கங்கைக்குள் தலையைக் கொடுக்கிறவர்களுக்கும் இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது. விலை சில ஆயிரம் ரூபாய், உபயம் ஷென்சென் நகரத் தொழிற்சாலைகள். சிவபுரியில் ரப்பர் படகேறி சுமார் 16 கிலோமீட்டர் நுரைத்தோடும் நீரில் ரிஷிகேஷுக்கு இறங்கும் பயணிகள், ஹெல்மெட் கேமராவில் பிடித்துவரும் வீடியோக்களை அறிஞர் உலகம் இதுவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

முன்வரலாறு சிறியது. 1960-களின் இறுதியில் ஜார்ஜ் கிரீனோ என்ற கலிபோர்னியக்காரர் பன்னிரண்டு கிலோ அளவுக்கு எடையுள்ள கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு அலையின் குடைவுக்குள் புகுந்து படமெடுத்தார். 2004-இல் நிக் உட்மன் மணிக்கட்டில் கட்டும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவைக் கோப்ரோ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். முதுகு, மணிக்கட்டு, பிறகு தலை. எடை குறைந்த பொருள் மேலே வரும் என்ற ஆர்க்கிமிடீஸ் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மலிவுக் கேமரா தரும் சான்றுகளில் முதலில் இடறுவது காலக்கணக்கு. பேட்டரி அடியோடு தீர்ந்தால் பல கேமராக்களில் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அந்தத் தேதியே படத்தின் மூலையில் பொறிக்கவும் படும். வருங்காலத் தொல்லியலாளர் இவற்றைத் தோண்டியெடுத்தால், கங்கைப் படகுப் பயணங்கள் யாவும் ஒரே ஜனவரி முதல் தேதி நள்ளிரவில், கொளுத்தும் வெயிலில் நடந்தன என்றே முடிவுகட்டுவார்.

அடுத்தது கோணச் சிக்கல். கரையில் நிமிர்ந்து நின்று கேமராவை நேராகப் பொருத்துகிறவர், படகில் குனிந்து துடுப்புப் போடும்போது அது அவருடைய முழங்காலைப் படமெடுக்கிறது. நிமிர்ந்தால் முன்வரிசைக்காரரின் லைஃப் ஜாக்கெட். கேமராவைச் சற்று அண்ணாந்தாற்போல் பொருத்தச் சொல்வார்கள் அனுபவசாலிகள். அதைக் கேட்கிறவர்கள் முதல் பயணத்துக்குப் பிறகுதான் கேட்கிறார்கள்.

ஆய்வின் மையம் அலைச் சுருக்கக் கோட்பாடு. இத்தகைய கேமராக்களில் பலவற்றின் லென்ஸ் ஏறத்தாழ 170 பாகை விரிவு கொண்டது. உலகம் முழுவதையும் சட்டகத்துக்குள் திணிக்க வேண்டியிருப்பதால் எதிரே வருவதெல்லாம் தூரத்தில் சிறிதாய்த் தெரிகிறது. ‘கோல்ஃப் கோர்ஸ்’ என்று பெயர் பெற்ற சீற்றமான பகுதியில் உயிர் தொண்டைக்கு வந்தவர், வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினால் அங்கே தெப்பக்குளம் லேசாகச் சலசலக்கிறது. மாமனார், “இதுக்கா இந்தக் கத்து கத்தினீங்க மாப்பிள்ளை?” என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சான்றை மட்டும் பார்க்கிறார். அந்தக் கத்தலும் நீர்புகா உறைக்குள் அமுங்கிப் போய்த்தான் கேட்கும். அந்த உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினால் உள்ளே தண்ணீர் இறங்கும். அப்புறம் கத்தலும் இல்லை.

லென்ஸின் முன் நிற்கும் நீர்த்துளி தனி இயல் எழுதத் தக்கது. அலைச்சறுக்குக்காரர்களும் கயாக் ஓட்டிகளும் உறையின் கண்ணாடியை நாக்கால் நக்கிவிடுவது வழக்கம். எச்சில் பட்ட பரப்பில் நீர் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவும், பார்வை தெளியும். கையில் கட்டிய கேமராவுக்கு இது எளிது. தன் உச்சந்தலையைத் தானே நக்கும் ஆற்றல் மனிதனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே ஹெல்மெட் கேமரா வைத்திருப்பவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் தேவைப்படுகிறார். நட்பின் ஆழத்தை அளக்க இதைவிடக் கறாரான கருவி சமூகவியலாரிடமும் இருக்காது.

நம் தலைக் கேமராவில் அலை சுருங்கிவிடும் என்றால், அதன் உயரம் எங்கிருந்து தெரியும்? படகுக்கு முன்னே சென்று, சீற்றம் முடியும் இடத்தில் ஒதுங்கிக் காத்திருக்கும் பாதுகாப்புக் கயாக்காரரிடமிருந்து. அவர் பார்ப்பது மேலிருந்து இறங்கும் படகை, பயந்த முகங்களை, பின்னால் எழும் நீர்ச்சுவரை. அவர் தலையில் கேமரா இருந்து, கரையேறியதும் பேரமும் படிந்தால், அந்த வீடியோ வாட்ஸப்பில் வந்து சேரும். வழியில் வாட்ஸப் அதைச் சுருக்கிவிடுவதால், மாமனார் முன் மறுபடியும் வாதாட வேண்டியிருக்கும்.