சத்தத்தில் சமதர்மம்

1977-இல் மதராஸில் எஃப்.எம். தொடங்கிய காலத்தில் புல்லாங்குழல் மெல்லக் கேட்கும், தவில் அதிரக் கேட்கும். என்ன அநியாயமான ஏற்றத்தாழ்வு! இன்றைய தனியார் நிலையங்கள் அதை ஒழித்துவிட்டன.

சத்தம் கூடக் கூட விரியும் அலைவெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டுவார்களா? அந்தக் கோட்டின் மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். தலை நிமிர்த்தும் ஒலியை லிமிட்டர் தட்டி வைக்கிறது. பணிந்து போகும் ஒலியைக் கம்ப்ரஸர் தூக்கி நிறுத்துகிறது. காதலியின் கிசுகிசுப்பும் நகைக்கடை விளம்பரமும் ஒரே உயரம். தொகுப்பாளர் சற்று மூச்சு விட்டால் போதும், அரங்கத்து ஏ.சி. ஓசையும் மேடையேறிவிடும். அதற்கும் ரசிகர் மன்றம் வரலாம்.

பக்கத்து நிலையத்தைவிடச் சத்தமாக இருப்பதே நோக்கம். பக்கத்து நிலையமும் அதே லிமிட்டர், கம்ப்ரஸர் பெட்டியை வாங்கிவிட்டதால் இப்போது எல்லாரும் முதலிடம். நேயர்கள் காரில் ஏறியதும் வால்யூமைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பொறியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மேலாளர் பதறிப்போனார்: "குறைச்சு வெச்சுத்தான் கேக்கறாங்களா? அப்போ நம்ம சத்தம் பத்தல தம்பி, இன்னும் ஏத்துங்க!"