மண்டபச் சாவி யாரிடம்?

கேள்வி: அண்ணாச்சி, ரெண்டு வாரம் வெளியூர் போய்ட்டு வந்து மின்சார காரைத் தொட்டா, டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு. பல லட்ச ரூபாய் பேட்டரி போச்சா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பதறாதீங்க தம்பி. முதல்ல 12 வோல்ட் குட்டி பேட்டரியைப் பாருங்க. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டருக்குக் கட்டளை போறது அதோட தயவில்தான். மாப்பிள்ளை தயார், மண்டபச் சாவிக்காரர்தான் தூங்கிட்டார்!

டெர்மினல்ல வெண்பச்சையாப் பூத்திருக்கா? நெகட்டிவைக் கழற்றிட்டு, துடைச்சு இறுக்குங்க. மல்ட்டிமீட்டர் வைங்க. வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் சுகம். 12-க்குக் கீழே போனா சார்ஜ் ஏத்தணும், ஏத்தியும் நிக்கலைன்னா மாத்தணும். வண்டியை ஆன் செய்தும் மீட்டர் 13-ஐத் தாண்டலைன்னா பெரிய பேட்டரியிலிருந்து குட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டிசி-டிசி கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

ஆரஞ்சு கேபிள் பக்கம் கையே போகக்கூடாது, அதில் பல நூறு வோல்ட். 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தது மாதிரி வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தா, ஆன் செய்யவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி, கட்டி இழுக்காம, லாரியில் ஏத்தி அனுப்புங்க.