தப்ப ஒரு வழி இருக்கு, தம்பி

கந்தோரிலை பாலியல் தொந்தரவு பற்றிப் பயிற்சியாம், கட்டாயம் வரவேணுமாம் எண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாய். வா, இந்த மதிலிலை இரு. அந்த மானைத் துரத்தாதை, அதுவும் திருகோணமலைச் சனம்தான். கிழவன் ஒரு யோசினை சொல்லுறன்.

போன முறை நடந்ததைத் தேத்தண்ணி குடுத்த பிள்ளை எனக்குச் சொன்னவள். பெரியவர் முன் கதிரையிலை இருந்து முதல் கையொப்பம் வைச்சாராம். பற்றீஸ் ரெண்டு, பிளேன்ரீ ஒண்டு. புரொஜெக்டர் சூடாக முன்னம் "அவசரக் கூட்டம்" எண்டு வாகனம் ஏறியிட்டார். கடைசிவரைக்கும் இருந்து படிச்சது பியோனும் கிளாக்கர்மாரும். இந்தத் துறைமுகத்திலை கப்பல் தரை தட்டினால் கப்டனைத்தான் கேப்பாங்கள், சமையல்காரனை இல்லை. கரையிலை எல்லாம் தலைகீழ்.

எண்டாலும் அவராலை முழுக்கத் தப்பேலாது. 1995இலை திருத்தின தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு இருக்கு. சொல்லாலையோ செய்கையாலையோ பாலியல் தொந்தரவு குடுத்தால் அஞ்சு வருசம் வரைக்கும் மறியல். அதிகாரத்திலை இருக்கிறவர் வேலைத்தலத்திலை கதைக்கிறதையும் அந்தப் பிரிவு விட்டுவைக்கேல்லை.

அப்ப முழுசாத் தப்ப? பாராளுமன்றம் போ, ராசா. 1953ஆம் ஆண்டுச் சிறப்புரிமைச் சட்டப்படி சபைக்குள்ளை நீ கதைச்சதைப் பற்றி எந்தக் கோட்டும் கேக்கேலாது. அரசாங்கத்தைப் பயமில்லாமல் கேள்வி கேக்கட்டும் எண்டு குடுத்த காவல் அது. வேறை அலுவலுக்கும் உதவுமெண்டு பிறகுதான் கண்டுபிடிச்சவை. பத்து வருசத்துக்கு மேலை இருக்கும், சபையிலை எம்.பி. ரோசி சேனாநாயக்க எழும்பிக் கேள்வி கேக்க, அமைச்சர் குமார வெல்கம பதிலுக்கு அவவின்ரை அழகைப் பற்றிக் கதைச்சார். அவர் அப்ப போக்குவரத்து அமைச்சர், அதைக் கவனி. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இலை விசாரிச்சுப் பாத்தால், பஸ்ஸிலையும் ரயிலிலையும் 90 வீதமான பெண்டுகள் தொந்தரவு பட்டிருக்கினம். பொலிசுக்குப் போனது 4 வீதம். அமைச்சரே அப்பிடியெண்டால் கொண்டக்டரிட்டைப் போய் என்னத்தைச் சொல்லுறது?

2023இலை அந்தப் பாராளுமன்றக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற பிரிவுப் பெண்டுகள், மேலதிகாரிமாராலை தொந்தரவு எண்டு முறையிட்டவை. உள்ளுக்கையே விசாரணைக் குழு போட்டு ஆளை வேலையாலை இடைநிறுத்தினவை. சரிதான், செய்யவேணும். ஆனால் குழுவும் கடிதமும் இடைநிறுத்தமும் பெரும்பாலும் உத்தியோகத்தருக்கு. உறுப்பினர் கூடாத வார்த்தை கதைச்சால் சபாநாயகர் அந்த வசனத்தை ஹன்சாட்டிலை இருந்து நீக்குவார். தண்டனை வசனத்துக்கு. வாய் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடும்.

அமெரிக்காவிலை இதைவிட வசதி இருந்தது. காங்கிரஸ் 1995இலை தனக்குத் தானே எழுதின சட்டப்படி, முறையிட வந்தவள் ஆலோசினை, சமரசம் எல்லாம் முடிச்சு, பிறகு 30 நாள் ஆறியிருக்கவேணும். நட்டஈடு திறைசேரிக் காசு. 2017இலை பெண்டுகள் வாய் திறக்க, உறுப்பினர்மாரும் பயிற்சிக்குக் கட்டாயம் போகவேணுமெண்டாச்சு. அடுத்த வருசம், தொந்தரவு செய்தவர் தன்ரை பையிலை இருந்து அந்தக் காசைத் திருப்பிக் கட்டவேணுமெண்டு சட்டத்தையும் மாத்திப்போட்டாங்கள். பிழைக்கத் தெரியாத சனம்.

2024இலை எங்கடை மாவட்டம் அனுப்பின நாலு பேரும் ஆம்பிளையள். நல்ல மனிசராத்தான் இருப்பினம், நான் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு பெட்டிசம் மட்டும் எழுதி வைச்சிருக்கிறன். உறுப்பினர் மேலை வாற முறைப்பாட்டை வெளி ஆக்கள் விசாரிக்கவேணும், பெண்டுகளைக் கேவலப்படுத்துற வார்த்தைக்கு 1953ஆம் ஆண்டுக் காவல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்தா பேனை. பேரை வடிவா விளங்க எழுது ராசா, நாளைக்கு நீ எம்.பி.யாகி வந்தால் உனக்கே காட்டவேணும்.