இலச்சினை ரசிகர்

விளையாட்டுப் பார்க்க வருகிறவர்களில் பந்தைப் பார்க்கிறவர்கள், பந்தை அடிக்கிறவரைப் பார்க்கிறவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கடலைப் பொட்டலத்தைப் பார்க்கிறவர்கள் என்று பல வகையினர் உண்டாயினும், ஆட்டக்காரரின் மார்பில் நான்கு விரற்கடை அகலத்தில் அச்சிட்டிருக்கும் இலச்சினையை மட்டும் பார்த்துவிட்டு, அதைப் பற்றி மூன்று மாத காலம் ஓயாமல் அபிப்பிராயம் சொல்லக்கூடிய ஒரு பிரகிருதியைக் காண விரும்புகிறவர், புதுக்கோட்டைக் கீழ ராஜவீதியை ஒட்டிய ஏதாவதொரு டீக்கடைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் போதும். அவருக்கு வயது நாற்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். உத்தியோகமும் இன்னதென்று வரையறுக்க முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருப்பார், உரக்கடைக் கல்லாவிலும் இருப்பார். ஆனால் கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு கைபேசியும், "லோகோ சரியில்ல பங்காளி" என்ற வாக்கியமும் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை.

ஹாக்கி என்ற ஆட்டத்தின்மேல் அவருக்குள்ள பக்தி அளவிடற்கரியது. அதைப் பற்றிய ஞானமோ சுலபமாக அளந்துவிடக் கூடியது. 'ஆஃப்சைடு' விதியை 1990-களிலேயே அந்த ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி அவரை இன்னும் வந்தடையவில்லையாதலால், எதிரணி வீரன் கோல் பக்கம் போகும்போதெல்லாம் மாவட்ட விளையாட்டரங்கத்தின் சுற்றுச்சுவரே அதிரும்படி "ஆஃப்சைடு!" என்று ஒரு குரல் கொடுப்பார். 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவர் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் என்று யாராவது நினைவூட்டினால், "அப்படியா!" என்று உண்மையாகவே மகிழ்ந்துவிட்டு, "அப்போ சட்டையில என்ன போட்டிருந்தாங்க?" என்று அடுத்த கேள்வியிலேயே தம் சொந்த சாஸ்திரத்துக்குத் திரும்பிவிடுவார்.

அந்தச் சாஸ்திரத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. தமிழ்நாட்டின் பெயரால் இதுவரை களம் கண்ட தொழில்முறை ஹாக்கி அணிகளின் சரித்திரத்தை, வெற்றி தோல்விகளை அறவே நீக்கிவிட்டு, படங்களைக் கொண்டே அவர் வரிசையாகச் சொல்வார். 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது 'சென்னை வீரன்ஸ்' என்று வைத்தார்களே, அது ஒன்றுதான் பெயர் என்பது அவருடைய தீர்ப்பு. வீரனுக்கு நம்மூரில் கோயிலே உண்டல்லவா? 2012-இல் உலகத் தொடர் ஹாக்கி என்று ஒன்று வந்து, அந்த ஓர் ஆண்டோடு மறைந்தும் போயிற்று; அதில் நமக்கு வாய்த்தது 'சென்னை சீட்டாஸ்'. இந்தச் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக அரசாங்கமே 1952-இல் அறிவித்துவிட்டது. நமீபியாவிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து விட்டதோ 2022-இல். ஆக அணி ஆடிய காலத்தில் நாட்டுக் காட்டில் ஒரு சிவிங்கிகூட இல்லை என்பதை அவர் விரல் மடக்கிக் கணக்குச் சொல்லும்போது, டீ ஆற்றுகிறவரும் கையை நிறுத்திக் கேட்பார். "இல்லாத மிருகத்தப் போட்டா லீக் எப்படிங்க இருக்கும்?"

பிறகு வந்தது டிராகன். ஹாக்கி இந்தியா லீகுக்கு மறுபடியும் உயிர் கொடுத்து 2024 டிசம்பர் கடைசியில் ரூர்கேலாவில் ஆட்டங்களைத் தொடங்கியபோது, 'தமிழ்நாடு டிராகன்ஸ்' என்ற பெயர் தாங்கிய அணியைக் கண்டு கீழ ராஜவீதி இரண்டு பட்டது. சீனத்துப் பாம்புக்கும் செந்தமிழ் நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் நண்பர் கேட்க, "அது டிராகன் இல்ல அண்ணே, நம்ம கோயில் தூண்ல நிக்குற யாளி, வெளிநாட்டு ஆட்டக்காரங்களுக்குப் புரியட்டும்னு பேர மாத்திட்டாங்க" என்று ஒரு கல்லூரி மாணவர் எடுத்துவிட, யாளிக்குத் துதிக்கை உண்டா, டிராகனுக்கு இறக்கை உண்டா, இரண்டும் இல்லாததை எந்த இனத்தில் சேர்ப்பது என்ற ஆராய்ச்சி, கடையில் பால் தீரும்வரை நடந்தது. அன்று இரவு அந்த அணி ஆடிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை.

இதையெல்லாம் பிறர் கட்சியென்று பொறுத்துக்கொண்டவருக்கு, உண்மையிலேயே நெஞ்சில் முள் தைத்தது காளை விஷயத்தில்தான். 2023-இல் ஆசியச் சாம்பியன் கோப்பை சென்னையில் நடந்தபோது 'பொம்மன்' என்ற யானைக்குட்டியை நல்வரவுச் சின்னமாக வைத்தார்கள். மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்று கோப்பையும் வாங்கிற்று. யானைமேல் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் 2025 இறுதியில் 24 நாடுகள் கூடிய இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, சின்னமாக ஒரு காளையை எழுதி அதற்குக் 'காங்கேயன்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டைத் தச்சங்குறிச்சியில் நடத்துகிற மாவட்டம் எது? 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை வாடிவாசலிலிருந்து அவிழ்த்துவிட்டுச் சாதனை செய்த மாவட்டம் எது? "மாடு பிடிக்க நாங்க, படம் பிடிக்கக் கொங்கு நாடா?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்ததை நானே கவனித்தேன்.

அவரைப் பரிகாசம் செய்வது எளிது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பெனால்டி கார்னரை எப்படி எடுப்பது என்பது பயிற்சியாளருக்குத்தான் தெரியும். யாரை ஆட்டத்தில் இறக்குவது என்பது தேர்வுக் குழுவின் கையில். பணம் முதலாளி கையில். வெற்றி தெய்வத்தின் கையில். இவ்வளவும் போக, சாமானியன் தலையிட்டு, அதிகார தோரணையோடு "இது கூடாது" என்று சொல்வதற்கு அந்த அணியில் மிச்சம் இருப்பது அந்த நான்கு விரற்கடைப் படம் ஒன்றே. தவிரவும், 1952 பொதுத்தேர்தல் தொட்டுப் படத்தைப் பார்த்தே ஓட்டுப் போட்டுப் பழகிய ஜனங்கள் நாம். படத்தில் அசட்டையாக இருக்கச் சொன்னால் எப்படி முடியும்?

இத்தகைய மனிதரின் கையில் ஊர் ஹாக்கிக் குழுவின் சட்டைக்குச் சின்னம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. இவ்வகைப் பொறுப்புகள் தாமாகவே இவரை நாடி வந்துவிடும். பள்ளி முடித்த பையன்களும் பெண்பிள்ளைகளுமாகச் சேர்ந்து நடத்துகிற அந்தக் குழுவுக்குச் சட்டை எடுத்துத் தர ஓர் உரக்கடைக்காரர் முன்வந்திருந்தார். முதுகில் கடையின் பெயர் வரவேண்டும், மார்பில் எது வந்தாலும் சம்மதம் என்பது அவருடைய விசால மனப்பான்மை.

முதலில் புலி எழுந்தது. சோழனின் கொடியல்லவா? ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் நடுவே வெள்ளாறு ஓடுகிறது. அதுவே பழைய நாளில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை. ஆற்றுக்குத் தெற்கே திருமயத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ஆடுகிற பையன்களின் தகப்பனார்கள், "நாங்க பாண்டி நாடுங்க, மீனப் போடுங்க" என்று நின்றுவிட்டார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ராஜேந்திர சோழனின் செப்பேட்டு முத்திரையில் புலி, இரட்டைக் கயல், வில் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன என்று சமாதானம் சொல்லப் போக, "பாண்டியன ஜெயிச்சதுக்கு அடையாளமாத்தானே மீனப் போட்டான்!" என்று திருமயத்துக்காரர் ஒருவர் கொதித்தெழுந்ததில், ஆயிரம் ஆண்டுக்கு முன் முடிந்த யுத்தம் அரைமணி நேரம் மறுபடி நடந்தது.

அடுத்து அம்மன் காசு. தொண்டைமான் சமஸ்தானத்துச் சிறு செப்புக்காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாக வழங்கியது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். வட்டமாகவும் இருக்கிறது, ஊருக்கென்றே உரியதாகவும் இருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தியாகிக் காரியம் முடிகிற சமயத்தில், பெண்கள் அணியில் ஆடும் ஒரு பிள்ளையின் தாயார் வாய் திறந்தார்: "ஏங்க, அம்மனச் சட்டையில அச்சடிச்சு, வேர்வையோட கழட்டி, நான் வாஷிங் மிஷின்ல போட்டுச் சுத்தவா?" சபை அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விராலிமலை மயிலை, அது ஆடுமே தவிர ஓடாது என்று தள்ளினார்கள். சித்தன்னவாசல் குகையின் தாமரைக் குளத்தை ஒருவர் சொன்னார். தாமரை ஒரு கட்சியின் சின்னம், யானை இன்னொரு கட்சியின் சின்னம், குளத்தில் பாக்கியிருப்பது எருமையும் வாத்தும் என்று கணக்குத் தீர்ந்தது.

என்னைக் கேட்டிருந்தால் குதிரை என்றிருப்பேன். குளமங்கலம் ஐயனார் கோயிலில் 30 அடிக்கும் மேலாகத் தாவி நிற்கிறதே, மாசிமகத்துக்கு ஆயிரக்கணக்கான காகிதப்பூ மாலைகளைச் சுமந்துகொண்டு, அதைப் பார்த்த பிறகு வேறு எந்த மிருகமும் இந்த மாவட்டத்துக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன். "சாமி குதிரைங்க அது. பசங்க தோத்துட்டு வந்தா ஐயனாருக்குல்ல அவமானம்?" என்று நண்பர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் ஜெயித்தது காளை. அதிலும் நம் காளை. காங்கேயத்துக்குப் பதில் சொல்லும் காளை. பிளக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவன் ஒரு மணி நேரத்தில் சிவந்த முகமும் முறைத்த பார்வையுமாக ஒன்றைத் தயார் செய்துவிட்டான். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கூடைப்பந்து அணியின் மாடு, அறந்தாங்கிச் சந்தை வரைக்கும் எத்தனையோ பனியன்களில் வந்து சேர்ந்துவிட்ட அதே மாடு என்பது எனக்கே தெரிந்தது. நண்பர் அதை ஓர் உடம்போடு சேர்க்கச் சொன்னார், சேர்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, திமில் எங்கப்பா?"

பையன் சேர்த்திருந்தது ஸ்பெயின் தேசத்து மாட்டின் உடம்பு; அதற்குத் திமில் இல்லை. திமிலைத் தழுவுவதுதான் ஜல்லிக்கட்டு. திமிலில்லாத மாட்டைப் பிடிப்பவன் எதைப் பிடிப்பான்? இவ்விஷயத்தில் அவர் கூறியது அத்தனையும் நியாயம் என்று நான் சாட்சி சொல்வேன். ஆனால் நியாயம் அத்துடன் நிற்கவில்லை. திமில் வந்ததும் சரிந்திருக்கிறது என்றார். நிமிர்த்தியதும் ஒட்டகம் என்றார். கொம்பு விரிந்தது, குவிந்தது, முன்னே வளைந்தது. நெற்றியில் சுட்டி வேண்டும் என்று ஒரு நாளும், வெறும் நெற்றிதான் வீரம் என்று மறுநாளும் உத்தரவாயிற்று. பழைய காலத்துச் சிற்பிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு ஷரத்து எழுதிக்கொள்வார்களாம். கல்லில் ஓலைக்கூரையின் சட்டமும் ஆணியும் செதுக்கிய அந்த வேலையை இன்னொரு தடவை செய்ய முடியாது என்பதற்காக. பிளக்ஸ் கடைப் பையனும், அண்ணனின் திருத்தம் நீங்கலாக என்று ரசீதில் எழுதப் போவதாக என்னிடம் தனியே சொன்னான்.

இந்தக் கட்டத்தில் நண்பருக்கு உலகஞானம் தேவைப்பட்டது. இரவெல்லாம் கைபேசியில் தேடி, கானடா தேசத்தில் வான்கூவர் என்னும் ஊரின் அணியைக் கண்டுபிடித்தார். அந்த அணி 1970-இல் பெரிய லீகில் சேர்ந்தபோது மைதானத்துக்குள் ஒரு மட்டையை வரைந்து சின்னமாக்கியது. அதன் பின் பெரியதொரு 'வி' எழுத்து, சறுக்குக் காலணி என்று மாறி மாறி, 1997-இல் ஒரு திமிங்கிலத்தில் வந்து நின்றது. ஆனால் ரசிகர்களோ பழைய மட்டையா, காலணியா, திமிங்கிலமா என்று இன்றைக்கும் மாய்ந்து மாய்ந்து வாதிடுகிறார்கள். நிலவுலகத்தின் மறுகோடியில், பனிக்கட்டி நாட்டில், தம் இனத்தார் இத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அறிந்த அன்று அவருக்குண்டான ஆனந்தம் சொல்லுந்தரமன்று. அத்தனை படங்களையும் பிளக்ஸ் கடைக்கு அனுப்பி, "இந்த மட்டை நல்லாருக்கு, மாட்டுக்குக் கீழ குறுக்க வையி" என்று கட்டளையிட்டார்.

வைத்தான். திருப்பூருக்கு ஆர்டர் போய், சட்டைகள் வந்து இறங்கின. காளை அற்புதமாக இருந்தது. திமில் சரியவுமில்லை, ஒட்டகமுமில்லை. வெள்ளாற்றின் இரு கரையாரும் ஒத்துக்கொண்டார்கள். உரக்கடைக்காரர் சட்டையைத் திருப்பித் தம் கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார். நண்பர், கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் நிற்பதுபோல் ஒதுங்கி நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். சென்டர் ஹாஃப் ஆடுகிற பெண் ஒருத்தி, பயிற்சி முடிந்து மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டே வந்தவள், சட்டையை வாங்கி விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, மாடு நல்லாருக்கு. ஆனா கீழ இருக்கிறது நம்ம மட்டை இல்ல. இது ஐஸ் ஹாக்கி மட்டை."

கூட்டம் ஸ்தம்பித்தது. நண்பர் சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நீளமான காம்பும் பலகை போன்ற நுனியுமாகக் கானடா மட்டை குறுக்கே கிடந்தது. அவளுடைய தோளின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

"சரிம்மா," என்றார் கைபேசியை எடுத்துக்கொண்டே, "நம்ம மட்டை எப்படி இருக்கும்? ஒரு போட்டோ இருந்தா அனுப்பு."